ப்ராசசருக்கு வோல்ட் கூட்ட ஐந்து வழி: பயாஸ், விஐடி கோடு, பென்சில், ரெசிஸ்டர், இல்லை போர்டையே மாற்றுவதா?

செகண்ட்ஸில் வாங்கிய ஜி31 சிப்செட் மதர்போர்டு. அதில் ஒரு பென்டியம் இ5200. 2.5 கிகாஹெர்ட்ஸ் சிப். பஸ்ஸை (சிப்பின் வேகத்துக்கு அடிப்படையான துடிப்பு, மெகாஹெர்ட்ஸில்) 200-லிருந்து 266-க்குத் தள்ளினால் 12.5 மடங்கில் 3.33 கிகாஹெர்ட்ஸ் வர வேண்டும். வருகிறது, விண்டோஸும் திறக்கிறது. கோரல் டிராவில் கனமான டிசைன் ஒன்றைத் திறந்ததும் நீலத்திரை. இன்னும் கொஞ்சம் வோல்ட் கொடுத்தால் நின்றுவிடும் என்று தோன்றும். பயாஸுக்குள் (போர்டின் அமைப்புத் திரை) போய்ப் பார்த்தால் வோல்ட் மாற்றும் வரியே இருக்காது.

திருப்பூர் எம்பிராய்டரி டிசைன் கடையில் ஆகட்டும், கோயமுத்தூர் கல்லூரி விடுதியில் ஆகட்டும், இந்த இடத்தில் வந்து நிற்பவர்களுக்கு முன்னால் பல வழிகள் இருக்கின்றன. ஒருவர் பென்சிலால் தேய் என்கிறார், இன்னொருவர் டேப் ஒட்டச் சொல்கிறார், மூன்றாமவர் ஈயம் வைத்து ரெசிஸ்டர் சேர் என்கிறார். எல்லாமே வோல்ட்டைக் கூட்டும். வேறுபாடு தெரிவது அந்த வேலை கெட்டுப்போகும் நாளில்தான். கம்பி அறுந்தால், கரி உதிர்ந்தால், டேப் நகர்ந்தால் வோல்ட் பழைய இடத்துக்கு இறங்குமா, இல்லை மேலே பாயுமா? இந்த ஒரு கேள்வியை முன்னால் வைத்துத்தான் கீழே எல்லா வழிகளையும் எடை போட்டிருக்கிறோம்.

## தடுப்பது வோல்ட்தானா?

பாதிப்பேருக்கு இதிலேயே சோலி முடிந்துவிடும். பிரைம்95 என்னும் சோதனை மென்பொருள் ஓடும்போது ஒரு த்ரெட் மட்டும் ரவுண்டிங் பிழை காட்டி நின்றாலோ, 10, 20 நிமிடம் கழித்து நீலத்திரை வந்தாலோ, வோல்ட் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ப்ளக்கைப் பிடுங்கியதுபோல் மொத்தமும் பட்டென்று அணைந்தால், அது போர்டிலுள்ள விஆர்எம்மின் (ப்ராசசருக்கு வோல்ட் கொடுக்கும் ரெகுலேட்டர்) பாதுகாப்பு அல்லது பவர் சப்ளை. அங்கே வோல்ட் கூட்டினால் இன்னும் சீக்கிரம் அணையும். நிற்காமல் ஓடிக்கொண்டே வேகம் மட்டும் குறைந்தால் சூடு. திரையே வராவிட்டால் மெமரியையும் பஸ்ஸையும் பாருங்கள். 266 என்பது ஜி31 சிப்செட்டுக்கு அனுமதிக்கப்பட்ட வேகம்தான், அதனால் இந்த உதாரணத்தில் மெமரி விகிதம் சரியா என்று பார்த்தால் போதும்.

ஜி31 போர்டில் மொத்தமே 4 ஜிபி டிடிஆர்2 மெமரிதான் போட முடியும். பெரிய டிசைன் ஃபைல் தடுமாறுவது ப்ராசசராலா, மெமரி நிரம்பியதாலா என்று டாஸ்க் மேனேஜரை ஒரு நிமிடம் திறந்து பார்த்துவிடுங்கள்.

அடுத்து, சிப் எந்தத் தலைமுறை என்பது. 2011-ல் வந்த சாண்டி பிரிட்ஜிலிருந்து இன்டெல்லில் கே வரிசை அல்லாத சிப்புகளின் மடங்கை விருப்பப்படி கூட்ட முடியாது. பஸ்ஸையும் 100-லிருந்து பெரும்பாலும் சுமார் 5 சதவீதத்துக்கு மேல் நகர்த்த முடியாது. அந்தச் சிப்புக்கு எவ்வளவு வோல்ட் கொடுத்தாலும் கிடைப்பது வெப்பம் மட்டுமே. அதே தலைமுறையிலிருந்து ப்ராசசர் தனக்கு வேண்டிய வோல்ட்டைத் தனித்தனிக் கோடுகளில் (விஐடி) சொல்லாமல் தொடர் செய்தியாக அனுப்புகிறது. எனவே டேப் வித்தையும் செல்லாது. 2013-ன் ஹேஸ்வெல்லில் கடைசிக்கட்ட ரெகுலேட்டரே சிப்புக்குள் போய்விட்டது. போர்டு கொடுப்பது சுமார் 1.8 வோல்ட் உள்ளீடு மட்டும், அதை ரெசிஸ்டர் வைத்துக் கூட்டினால் கோர் வோல்ட் கூடாது. 2015-ல் ஸ்கைலேக்கில் ரெகுலேட்டர் மறுபடி போர்டுக்கே திரும்பியது. ஆனால் அந்தக் காலத்து ஓவர்கிளாக் போர்டுகளின் பயாஸிலேயே வேண்டிய அளவு வோல்ட் மெனு உண்டு.

ஆக, கையால் வோல்ட் மாற்றும் வேலைக்கு உண்மையில் இடமிருப்பது சாக்கெட் 775 (இ5200 உட்காருவது), சாக்கெட் 478, ஏஎம்டியின் சாக்கெட் ஏ ஆகியவற்றிலும் அவற்றின் வயதை ஒட்டியவற்றிலும்தான். லேப்டாப் வைத்திருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

## எதை வைத்து எடை போடுவது

கெடும்போது வோல்ட் எந்தப் பக்கம் போகும் என்பதுதான் முதல் அளவுகோல். அதன் பிறகு மூன்று.

ஒரு படி எவ்வளவு பெரியது? இ5200 போன்ற 45 நானோமீட்டர் கோர் 2 குடும்பச் சிப்புகளுக்கு இன்டெல் குறித்த வேலை வோல்ட்டின் மேல்வரம்பு 1.3625. எக்காரணம் கொண்டும் தாண்டக்கூடாத எல்லை 1.45. இடையில் 90 மில்லிவோல்ட்கூட இல்லை. ஒரே தாவலில் 200 மில்லிவோல்ட் ஏறும் வழியை வைத்துக்கொண்டு இதற்குள் நிற்க முடியாது.

லோடு ஏறும்போது எவ்வளவு சரிகிறது? சும்மா இருக்கும்போது 1.30, ரெண்டர் ஓடும்போது 1.23 என்றால், சிப் தடுமாறுவது அந்த 1.23-ல்தான். சும்மா இருக்கும்போது அளந்த எண்ணை வைத்து முடிவு செய்யக்கூடாது.

விஆர்எம் தாங்குமா? மின்செலவு வோல்ட்டின் வர்க்கத்தோடும் வேகத்தோடும் ஏறும். 1.25 வோல்ட், 2.5 கிகாஹெர்ட்ஸில் 65 வாட் என்று வைத்தால், 1.35 வோல்ட், 3.33 கிகாஹெர்ட்ஸில் 1.17 மடங்கையும் 1.33 மடங்கையும் பெருக்கி 101 வாட் வருகிறது. கரண்ட் 52 ஆம்பியரிலிருந்து 75 ஆம்பியர் ஆகிறது. மூன்று பேஸ் (கரண்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும் கிளை) உள்ள மலிவுப் போர்டில் ஒரு பேஸுக்கு 17 ஆம்பியர் இருந்த இடத்தில் 25. மாஸ்ஃபெட்டில் (விஆர்எம்மின் ஸ்விட்ச் டிரான்சிஸ்டர்) கடத்தலால் வரும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது, அது இரண்டு மடங்குக்கும் மேல். 65 வாட் என்பது சிப்பின் குறிப்பளவு. உங்கள் சிப் அதைவிடக் குறைவாக இழுக்கலாம், ஆனால் மடங்குகள் மாறாது.

## ஒரே பார்வையில்

| வழி | ஒரு படி | லோடில் சரிவு | பழையபடி ஆக்க | கெட்டால் வோல்ட் போகும் பக்கம் |
|---|---|---|---|---|
| பயாஸ் மெனு | போர்டைப் பொறுத்து 6 முதல் 25 மி.வோ. | எல்எல்சி (லோடு சரிவை ஈடுகட்டும் பயாஸ் அமைப்பு) இருந்தால் சரியாகும் | சிமாஸ் கிளியர் (பயாஸ் அமைப்புகளை அழித்தல்) | கீழே |
| விஐடி கோடு | 50, 100, 200 மி.வோ. தாவல் | அப்படியே இருக்கும் | கம்பி, பெயின்ட்டை எடுத்தால் போதும் | பெரும்பாலும் கீழே. பெயின்ட் வழிந்தால் மேலே |
| பென்சில் | கைப்பதம் | குறையும் | அழிப்பான் | கீழே |
| ட்ரிம்பாட் (திருகித் திருப்பும் மாறு ரெசிஸ்டர்) | 1 மி.வோ.கூட முடியும் | அப்படியே இருக்கும் | ஈயம் எடுக்க வேண்டும் | அறுந்தால் கீழே. ஷார்ட் ஆனால் மேலே |
| வேறு போர்டு | பயாஸ் போல | போர்டைப் பொறுத்து | பழைய போர்டு கையில் | கீழே |

## பயாஸ் மெனு

இருந்தால் இதுதான், வேறு யோசனை வேண்டாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: வோல்ட்டை ஆட்டோவில் விட்டுவிட்டு வேகத்தைக் கூட்டினால், சில போர்டுகள் தாமாகவே தேவைக்கு மேல் ஏற்றிவிடும். எண்ணைக் கையால் போடுங்கள். மெனுவில் போட்ட எண்ணை நம்பாமல், சாக்கெட்டுக்குப் பக்கத்துக் காயிலின் ப்ராசசர் பக்கக் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்து அளந்து பாருங்கள்.

## விஐடி கோடு: டேப்பும் கம்பியும்

1998-ல் செலிரான் 300ஏ-வின் பி21 காலில் டேப் ஒட்டி 66 பஸ்ஸை 100 ஆக்கி 450 மெகாஹெர்ட்ஸ் வாங்கிய வித்தையின் தம்பி இது. ப்ராசசர் தனக்கு எவ்வளவு வேண்டும் என்பதைச் சில கோடுகளில் 0, 1 என்று சொல்கிறது. கோட்டைத் தனியே விட்டால் போர்டு அதை 1 என்று படிக்கும், கிரவுண்டோடு இணைத்தால் 0 என்று படிக்கும். கோட்டை மாற்றினால் போர்டு வேறு வோல்ட் கொடுக்கும்.

சாக்கெட் 775-ன் கடைசிக்கால விஆர்டி 11 (இன்டெல்லின் வோல்ட் விதிமுறை) போர்டுகளில் எட்டுக் கோடுகள். ஒவ்வொரு எண்ணுக்கும் 6.25 மில்லிவோல்ட். எண் 2 என்றால் 1.6 வோல்ட், எண் கூடக்கூட வோல்ட் குறையும். 1.25 வோல்ட்டின் எண் 58, இரும எண்ணில் 00111010. அதிலிருந்து:

- 8-ன் இடத்தை 0 ஆக்கினால் எண் 50, வோல்ட் 1.30
- 16-ன் இடத்தை 0 ஆக்கினால் எண் 42, வோல்ட் 1.35
- 32-ன் இடத்தை 0 ஆக்கினால் எண் 26, வோல்ட் 1.45

டேப் ஒட்டினால் கோடு 1 ஆகும். எண் ஏறும், வோல்ட் இறங்கும். வோல்ட் கூட்ட வேண்டுமானால் 1-ஐ 0 ஆக்க வேண்டும், அதாவது கிரவுண்டோடு சேர்க்க வேண்டும். டேப் மட்டும் ஒட்டிவிட்டு வோல்ட் ஏறும் என்று காத்திருப்பவர்கள் தவறுவது இங்கேதான். பஸ் வேகத்துக்கும் இதே கதை (இங்கே எழுதுவது பஸ்ஸின் நான்கு மடங்கு: 200 என்றால் 800, 266 என்றால் 1066). 1066-லிருந்து 1333-க்குப் போகக் கோட்டைப் பிரித்தால் போதும், 800-லிருந்து 1066-க்குப் போகக் கிரவுண்டோடு சேர்க்க வேண்டும்.

சேர்ப்பது எப்படி? சாக்கெட் 478, சாக்கெட் ஏ இரண்டிலும் ஓட்டைகள் இருப்பதால், முடிபோன்ற மெல்லிய கம்பியை ப வடிவில் வளைத்து இரண்டு ஓட்டைகளில் இறக்கி மேலே சிப்பை வைக்கலாம். 775-ல் கால்கள் போர்டில் இருக்கின்றன, சிப்பில் இருப்பது தட்டையான புள்ளிகள். கடத்தும் பெயின்ட்டைப் பக்கத்துக் கிரவுண்ட் புள்ளிவரை மெல்லிய கோடாக இழுக்க வேண்டும். பெயின்ட் ஒரு மயிரிழை வழிந்து அடுத்த விஐடி புள்ளியைத் தொட்டால் 1.30 எதிர்பார்த்த இடத்தில் 1.45 வரும். கோர் வோல்ட் புள்ளியைத் தொட்டால் ஷார்ட். பூதக்கண்ணாடி இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். செய்தபின் மல்டிமீட்டரில் அடுத்தடுத்த புள்ளிகளைத் தொட்டுப் பார்க்காமல் சிப்பைச் சாக்கெட்டில் வைக்காதீர்கள்.

சாக்கெட் ஏ-வில் ஒரு படி 25 மில்லிவோல்ட், ஐந்து கோடுகள், உச்சம் 1.85. 1.65 வோல்ட் அத்லான் எக்ஸ்பியின் எண் 8, அதாவது 01000. 0 ஆக்க இருப்பது ஒரே ஓர் 1. அதை மாற்றினால் நேராக 1.85! நடுவில் நிற்க வேண்டுமானால் ஒரு கோட்டைப் பிரித்து, வேறு கோடுகளைச் சேர்த்து விளையாட வேண்டும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு சங்கதி ஸ்பீட்ஸ்டெப், அதாவது வேலை இல்லாதபோது சிப் தானே வேகத்தையும் வோல்ட்டையும் குறைத்துக்கொள்வது. சும்மா இருக்கும்போது சிப் 1.10 வோல்ட் கேட்கிறது என்று வையுங்கள். எண் 82, இரும எண்ணில் 01010010. அங்கே 8-ன் இடம் ஏற்கெனவே 0, எனவே 8-ஐக் கிரவுண்ட் செய்தவருக்கு மாற்றமே இல்லை. 16-ஐக் கிரவுண்ட் செய்தவருக்கு சும்மா இருக்கும்போதே 1.20. ஆக, கூடும் அளவு எல்லா நேரமும் ஒன்றாக இருக்காது. மாற்றத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு நிலையிலும் அளக்க வேண்டும்.

## பென்சில்

இரண்டு ரூபாய்ப் பென்சிலால் போர்டுக்கு வைத்தியம் என்றால் கேலியாகத் தோன்றும். தத்துவம் சரியானதுதான். கரி மின்சாரத்தைக் கடத்தும். போர்டின் மேல் ஒட்டியிருக்கும் ஒரு சின்ன எஸ்எம்டி ரெசிஸ்டரின் முதுகில் கரியைத் தேய்த்தால், அதற்கு இணையாக இன்னொரு ரெசிஸ்டர் வைத்ததுபோல் மொத்த மதிப்பு குறையும். கூட்ட முடியாது, குறைக்க மட்டுமே முடியும்.

எந்த ரெசிஸ்டர் என்பது போர்டுக்குப் போர்டு, ஒரே போர்டின் ரிவிஷனுக்கு ரிவிஷன் மாறும். விஆர்எம்மை நடத்தும் கன்ட்ரோலர் சிப்பின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்து, டேட்டாஷீட்டில் சரிவை அமைக்கும் ரெசிஸ்டர் எந்தக் காலோடு இணைகிறது என்று பார்த்து, மல்டிமீட்டரின் கன்டினியூட்டி வைத்துத் தேட வேண்டும். கரண்ட் வரம்பை அமைக்கும் ரெசிஸ்டர் பெரும்பாலும் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதைத் தேய்த்தால் பாதுகாப்பு எல்லையையே நகர்த்தியதாகிவிடும்.

எச்பி பென்சிலில் களிமண் கூடுதல், 2பி அல்லது 4பி வரைபடப் பென்சில் வாங்குங்கள். ப்ளக்கைப் பிடுங்கி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்சாரத்தை வெளியேற்றி, ரெசிஸ்டரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தேய்த்து 5 சதவீதம் குறைந்ததும் நிறுத்தி, போர்டை ஓட்டி, லோடு கொடுத்து வோல்ட் பாருங்கள். வேண்டுமானால் இன்னொரு 5 சதவீதம். அதிகமாகிவிட்டால் அழிப்பான், பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சு.

பென்சிலின் பலம், சரிவைக் குறைக்க இதைவிட எளிய வழி இல்லை என்பது. பலவீனம், நிலைக்காது. ஃபேன் காற்றில் கரி உதிரும், ஈரத்தில் மதிப்பு நகரும், சில வாரங்களில் வோல்ட் பழைய இடத்துக்கு நழுவும். கெட்டால் கீழேதான் இறங்கும் என்பதால் நீலத்திரையோடு போகும், சிப் போகாது.

சரிவை முழுக்க ஒழித்துவிடவும் கூடாது. அது வடிவமைப்பில் வேண்டுமென்றே வைத்தது. ரெண்டர் முடிந்து லோடு பட்டென்று விலகும்போது காயிலில் தேங்கிய சக்தி வோல்ட்டை ஒரு கணம் மேலே எறியும். சரிவு இருந்தால் அந்தத் துள்ளல் கீழிருந்து தொடங்கி, குறித்த வோல்ட்டுக்குள் அடங்கும். சரிவே இல்லாத போர்டில் அது குறித்த வோல்ட்டைத் தாண்டிப் போகும். மல்டிமீட்டர் இதைக் காட்டாது, ஆசிலாஸ்கோப்தான் காட்டும். 70 மில்லிவோல்ட் சரிவை 20, 30-க்குக் கொண்டுவந்து நிறுத்துவது நிதானம்.

## ரெசிஸ்டரும் ட்ரிம்பாட்டும்

சரியாகச் செய்தால் கையால் செய்யும் வழிகளில் இதுதான் சிறந்தது. தவறாகச் செய்தால் போர்டும் சிப்பும் சேர்ந்து போகும்.

விஆர்எம் கன்ட்ரோலர், ப்ராசசர் பக்கம் வரும் வோல்ட்டை ஒரு ஃபீட்பேக் ரெசிஸ்டர் வழியாக எஃப்பி என்னும் காலில் பார்க்கிறது. அந்தக் காலில் தான் குறித்த வோல்ட் வரும்வரை ஏற்றும். எஃப்பி காலிலிருந்து கிரவுண்டுக்கு நாம் இன்னொரு ரெசிஸ்டர் வைத்தால், ஃபீட்பேக் ரெசிஸ்டரில் சிறிது வோல்ட் இழக்கப்படும். அதை ஈடுகட்டக் கன்ட்ரோலர் வெளியே கூட்டிக் கொடுக்கும். கணக்கு எளிது: குறித்த வோல்ட்டை ஃபீட்பேக் ரெசிஸ்டரின் மதிப்பால் பெருக்கி, நாம் வைக்கும் ரெசிஸ்டரால் வகுத்தால் கூடும் வோல்ட் வரும். ஃபீட்பேக் 1 கிலோ ஓம், குறித்தது 1.25 வோல்ட் என்றால்:

- 50 கிலோ ஓம்: 25 மில்லிவோல்ட் கூடும்
- 20 கிலோ ஓம்: 62 மில்லிவோல்ட்
- 12.5 கிலோ ஓம்: 100 மில்லிவோல்ட்
- 5 கிலோ ஓம்: 250 மில்லிவோல்ட், எல்லை தாண்டியாயிற்று

வேண்டியவை: 25 சுற்றுள்ள 50 கிலோ ஓம் ட்ரிம்பாட், மேலே 503 என்று இருக்கும். 6.8 கிலோ ஓம் நிலையான ரெசிஸ்டர் ஒன்று. 30 கேஜ் மெல்லிய வயர். கூரான முனையுள்ள சால்டரிங் அயர்ன், 60/40 ஈயத்துக்கு 330 முதல் 350 டிகிரி. ஃப்ளக்ஸ், பசைத் துப்பாக்கி. காந்திபுரத்து உதிரிபாகக் கடைகளில் இவற்றில் பாகங்கள் மட்டும் இரண்டு டீ, வடை காசுக்குள் முடியும். அயர்ன் நல்லதாக இருக்க வேண்டும். மோட்டார் ரீவைண்டிங் பட்டறையில் காயில் முனைக்கு ஈயம் வைக்கும் பெரிய அயர்னை இரவல் வாங்கி வராதீர்கள், போர்டின் தடமே கழன்று வரும்.

1. டேட்டாஷீட்டில் எஃப்பி காலைக் கண்டுபிடியுங்கள். கன்ட்ரோலரின் காலில் நேராக ஈயம் வைக்க வேண்டாம், அந்தக் காலோடு இணைந்த எஸ்எம்டி ரெசிஸ்டர் அல்லது கெப்பாசிட்டரின் முனையைத் தேடுங்கள்.
2. ஃபீட்பேக் ரெசிஸ்டரை அளந்து, மேலே சொன்ன கணக்கை உங்கள் எண்ணில் போடுங்கள். 1 கிலோ ஓம் என்பது உதாரணம் மட்டுமே.
3. 6.8 கிலோ ஓம் ரெசிஸ்டரை எஃப்பி முனையிலேயே வையுங்கள். அதிலிருந்து வயர் ட்ரிம்பாட்டுக்கு, ட்ரிம்பாட்டிலிருந்து கிரவுண்டுக்கு.
4. வயர் 5 செ.மீ.க்குள். எஃப்பி மென்மையான முனை. நீண்ட வயர் ஆன்டெனாவாகி, விஆர்எம் அடிக்கும் இரைச்சலை உள்ளே இழுக்கும்.
5. வயரையும் ட்ரிம்பாட்டையும் பசையால் ஒட்டுங்கள். தொங்கும் வயர்தான் தடத்தைப் பிய்க்கும்.
6. ட்ரிம்பாட்டை முழு 50 கிலோ ஓமில் வைத்து, மீட்டரில் உறுதி செய்தபின் மட்டும் பவர் கொடுங்கள். முதல் ஓட்டத்துக்குப் போனாலும் பரவாயில்லை என்கிற பழைய செலிரான் ஒன்றைப் போடுங்கள்.

நிலையான ரெசிஸ்டரை எஃப்பி முனையிலேயே வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வயர் எங்காவது உரசி கிரவுண்டைத் தொட்டாலும், 6.8 கிலோ ஓம் நடுவில் நிற்பதால் வோல்ட் 1.434-ஐத் தாண்டாது. அது இல்லாமல் எஃப்பி நேராகக் கிரவுண்டைத் தொட்டால், வோல்ட்டே வரவில்லை என்று கன்ட்ரோலர் நினைத்து, 12 வோல்ட்டை முழு வீச்சில் திறந்துவிடும். வயர் அறுந்தால் பழைய 1.25. இரண்டு பக்கமும் வேலி போட்டாயிற்று.

சென்ஸ் கோட்டை (எஃப்பி காலுக்கு வோல்ட்டைக் கொண்டுவரும் கோடு) வெட்டி நடுவில் ரெசிஸ்டர் வைக்கும் இன்னொரு முறையும் உண்டு. கூடும் வோல்ட் ஒன்றேதான். ஆனால் அங்கே ஒரு ஈயப்பற்று விட்டுப்போனால் கன்ட்ரோலருக்கு எதுவும் தெரியாது, வோல்ட் மேலே பாயும். வேலை சுலபம் என்று யார் சொன்னாலும் அதைத் தொடாதீர்கள்.

ட்ரிம்பாட்டைத் திருப்பும்போது பொறுமை வேண்டும். 25 சுற்றில் ஒரு சுற்றுக்கு 2 கிலோ ஓம். முதல் சுற்றுக்கு ஒரு மில்லிவோல்ட்கூட ஏறாது, பாதி தூரம் திருப்பியும் 17 மில்லிவோல்ட்தான் கூடியிருக்கும். வேலை செய்யவில்லையோ என்று வேகமாகத் திருப்புவார்கள். கடைசிச் சுற்று ஒன்றுக்கே 42 மில்லிவோல்ட். 1.35 வருவது 22-வது சுற்றை ஒட்டி. 18-ஐத் தாண்டியதும் கால் சுற்று, மீட்டர், கால் சுற்று, மீட்டர்.

பாதி வழியில் போர்டு அணைந்தால் அது ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பாக இருக்கலாம். பல கன்ட்ரோலர்கள் குறித்த வோல்ட்டுக்கு மேல் குறிப்பிட்ட மில்லிவோல்ட் கூடினால் அணைத்துவிடும், எண் டேட்டாஷீட்டில் இருக்கும். அந்தப் பாதுகாப்பையும் முடக்குவது எப்படி என்று தேடத் தோன்றினால், அன்றைக்கு அயர்னை அணைத்துவிடுவது நல்லது.

## போர்டையே மாற்றுவது

775-லேயே இருக்க விரும்பினால் 2007-ன் பி35, 2008-ன் பி45 சிப்செட் போர்டுகளில் வோல்ட் மெனு முழுதாக இருக்கும், பேஸும் பெரும்பாலும் கூடுதல். பழைய போர்டு வாங்கும்போது சாக்கெட்டைச் சுற்றியுள்ள கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா, சாக்கெட் கால் ஏதாவது வளைந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மாஸ்ஃபெட்டுக்கு ஹீட்சிங்க் இல்லாத போர்டு வேண்டாம்.

கடை வேலைக்கான மெஷின் என்றால், எங்கள் கருத்தில் 775-ல் இனிப் போடும் ஒவ்வொரு ரூபாயும் வீண். கோர் ஐ5 4570 ஒன்று நான்கு கோரோடு, 3.2 கிகாஹெர்ட்ஸில், வோல்ட் எதையும் தொடாமல் 3.33-க்கு ஏற்றிய இ5200-ஐ எளிதாகத் தாண்டும். மெமரி வரம்பும் 4 ஜிபியில் நிற்காது.

## கணக்கில் வராத செலவு

சூடு. ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது கோயமுத்தூர் அறை 26 டிகிரி. அப்போது இரவெல்லாம் பிரைம்95 ஓட்டி நின்றது என்று எழுதி வைத்துவிடுவார்கள். அதே மெஷின் சித்திரையில் ஈரோட்டிலோ கரூரிலோ ஆஸ்பெட்டாஸ் கூரைக்குக் கீழே 38 டிகிரியில் நிற்கும்போது வேறு மெஷின். 65 வாட்டில் அறையைவிட 25 டிகிரி கூட இருந்த ஹீட்சிங்க், 101 வாட்டில் 39 டிகிரி கூட இருக்கும். ஜூலையில் 65, சித்திரையில் 77. விஆர்எம் மாஸ்ஃபெட்டுக்கும் இதே ஏற்றம், அதைக் காட்டும் சென்சார் மலிவுப் போர்டில் இருக்காது. ஒரு 80 மி.மீ. ஃபேனை மாஸ்ஃபெட் மேல் அடிக்கும்படி கட்டுவது மற்ற எல்லாச் செலவையும்விட உருப்படியானது.

பஞ்சு. பனியன் கம்பெனிக்குப் பக்கத்து மெஷினில் ஹீட்சிங்க் இறகுகளுக்கு நடுவே பஞ்சு கம்பளிபோல் படியும். சாதாரண மெஷின் அதைச் சில மாதம் தாங்கும், வோல்ட் ஏற்றியது தாங்காது. மாதம் ஒருமுறை ப்ளோயர், ஊதும்போது ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு.

கரண்ட் பில். சுவர் ப்ளக்கில் 40 வாட் கூடுதல், நாளுக்கு 10 மணி, மாதம் 26 நாள் என்றால் 10 யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல்.

சிப்பின் ஆயுள். நார்த்வுட் பென்டியம் 4-க்கு 1.7 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தவர்களின் சிப்புகள் வாரங்களிலும் மாதங்களிலும் செத்தன. அதற்கு 'சடன் நார்த்வுட் டெத் சிண்ட்ரோம்' என்று ஒரு பெயரே வைத்தார்கள். பழைய காலத்துக் கதை என்று தள்ள முடியாது. 2023-ல் ரைசன் 7000 எக்ஸ்3டி சிப்புகள் கருகியபின் ஏஎம்டி எஸ்ஓசி வோல்ட்டை (சிப்பில் கோர் அல்லாத பகுதிகளுக்கானது) 1.3-ல் நிறுத்தியது. 2024-ல் இன்டெல் 13, 14-ம் தலைமுறை டெஸ்க்டாப் சிப்புகளுக்கு 1.55-க்கு மேல் கேட்காதபடி மைக்ரோகோட் (சிப்பின் உள் மென்பொருள்) விட்டு, வாரன்டியையும் இரண்டு ஆண்டு நீட்டியது. சிப் செய்தவர்களே தடுமாறும் இடம் இது. மெல்லத் தேயும் சிப் முதலில் காட்டும் அறிகுறி, போன மாதம் 1.33-ல் நின்ற வேகத்துக்கு இந்த மாதம் 1.35 கேட்பது. அப்போது வோல்ட் கூட்டாமல் வேகத்தைக் குறையுங்கள்.

## யாருக்கு எது

பயாஸில் மெனு இருக்கிறது, லோடில் மட்டும் சரிகிறது, எல்எல்சி இல்லை: பென்சில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அளந்து, வேண்டுமானால் மறுபடி தேயுங்கள்.

மெனு இல்லை, 50 மில்லிவோல்ட் போதும், உங்கள் சிப்பின் எண்ணில் 50 மில்லிவோல்ட்டுக்கான இடம் (விஆர்டி 11-ல் 8, ஒரு படி 25 மில்லிவோல்ட் என்றால் 2) 1 ஆக இருக்கிறது: விஐடி. 478, சாக்கெட் ஏ வைத்திருப்பவர்களுக்குக் கம்பி, 775 வைத்திருப்பவர்களுக்குக் கை நடுங்காவிட்டால் பெயின்ட். எண்ணில் அந்த இடம் 0 என்றால் இந்த வழியை விடுங்கள், அடுத்த தாவல் பெரிது.

மெனு இல்லை, மில்லிவோல்ட் கணக்கில் நுணுக்கம் வேண்டும், ஈயம் வைக்கத் தெரியும், டேட்டாஷீட் கையில் இருக்கிறது, போர்டு போனாலும் வருத்தமில்லை: ட்ரிம்பாட், 6.8 கிலோ ஓம் வேலியோடு. இந்த ஐந்தில் ஒன்று இல்லை என்றாலும் வேண்டாம்.

புதிய போர்டில் குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் ஊற்றி விளையாடுகிறவர்கள் ஈயம் வைத்து மாரடிக்க வேண்டியதில்லை. டிஜிட்டல் கன்ட்ரோலரோடு ஐ2சி என்னும் தொடர்புக் கோட்டில் பேசும் எல்மோர் இவிசி2 போன்ற கருவிகள் அவர்களுக்கு உண்டு.

ஆர்டர் தேதி நெருக்கும் மெஷின், ஜாப் ஒர்க் டிசைன் ஏறும் மெஷின்: எதையும் தொடாமல் வேறு மெஷினுக்குப் போங்கள். பழைய ஜி31-ஐ வீட்டுக்கு எடுத்து வந்து, 1.25-லிருந்து கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பிப் பழகுங்கள். ஜூலையில் நின்ற எண்ணைச் சித்திரையில் மறுபடி ஓட்டிப் பார்த்து, நிற்காவிட்டால் பஸ்ஸை 266-லிருந்து 250-க்கு இறக்குங்கள், 3.12 கிகாஹெர்ட்ஸுக்குப் பெரும்பாலும் கூடுதல் வோல்ட்டே தேவைப்படாது.